படத்தில் இல்லாத போர் லாரி

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு. கடல் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, ஆறாகத் திரும்பவும் கடலுக்கே போகும் படத்தைக் காட்டி, “மொத்தத் தண்ணீர் மாறவே மாறாது என்றால் தீர்ந்துவிடும் என்று ஏன் பயமுறுத்துகிறார்கள்?” என்று கேட்கிறாள். எனக்கும் அதே சந்தேகம்தான். கடல்நீரைக் குடிநீராக்கிவிட்டால் போதாதா? வீட்டில் மழைநீர்த் தொட்டி போடுவதால் பயன் உண்டா?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

மகளுக்கு என் அன்பு. இந்த வயதில் இப்படிக் கேட்கத் தோன்றுவது பெரிய விஷயம். கூடச் சேர்ந்து நீங்களும் தலையாட்டினீர்கள் பாருங்கள், அதுதான் கோபம் வருகிறது. திருப்பூரில் இருந்துகொண்டு மொத்தம் மாறாது என்கிறீர்கள். மாறாதுதான். அந்த மொத்தத்தில் 97 சதவீதம் கடலில் உப்பாகக் கிடக்கிறது.

கடல்நீர் விஷயத்தை விடுங்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கத் தருகிறார்கள். அந்தச் செலவில் நெல் நட முடியாது.

எனக்கு அந்தப் படத்தின் மேலேயே வெகுநாளாக வருத்தம் உண்டு. அதில் மலை இருக்கும், மேகம் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். 2019-இல் பல நாடுகளிலிருந்து 464 நீர்ச் சுழற்சிப் படங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். மனிதன் தண்ணீரில் கைவைப்பது 15 சதவீதப் படங்களில்தான் இருந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையே 2022-இல்தான் தன் படத்தில் அணை, வயல், பம்பு எல்லாம் வரைந்தது. நம் ஊர்ப் படத்தில் முதலில் வரைய வேண்டியது ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரி.

பெரியப்பா தோட்டத்தில் போர் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிணறு வற்றி, உள்ளே இறங்கிப் பக்கவாட்டில் துளைத்துச் சைடு போர் போட்டு அதுவும் வற்றிய பிறகு, தேங்காயைக் கையில் வைத்து ஒருவர் இடம் பார்த்துச் சொன்னார். ராத்திரி லாரி வந்தது. ராடு ராடாக இறங்குகிறது, அடிக்கு இவ்வளவு என்று காசு ஏறுகிறது, குழியிலிருந்து வெறும் வெள்ளைக் கல்தூள் புகைந்து தென்னை மட்டையெல்லாம் படிகிறது. அந்தத் தூளை அடிக்கடி கையில் அள்ளி, ஈரம் இருக்கிறதா என்று விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார் பெரியப்பா. 850 அடியில் தூள் சேறாக மாறியது. எல்லோரும் கைதட்டினோம்.

அந்தத் தண்ணீர் எந்தக் காலத்து மழை என்று அன்று யாரும் கேட்கவில்லை. கொங்குப் பாறையில் மேலே உதிர்ந்த மண்ணும் கல்லும் உள்ள அடுக்குதான் ஒரு நல்ல மழைக்கு நிறையும். கீழே இருப்பது மெல்லிய வெடிப்புகள், அங்கே நீர் போய்ச் சேரப் பல தலைமுறை ஆகலாம். அதை மோட்டார் போட்டு மேலே எடுத்து வாழைக்கு விடுகிறோம். இலை வழியாகப் பெரும்பகுதி காற்றில் ஏறுகிறது, பத்து நாள் போல மிதக்கிறது, பிறகு எங்கேயோ விழுகிறது. பூமியில் பெய்யும் மழையில் முக்கால் பங்குக்கு மேல் கடலில்தான் பெய்கிறது. எடுத்த இடத்துக்கு அது திரும்பி வரவில்லை என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். மொத்தம் அப்படியே இருக்கிறது, பெரியப்பா தோட்டத்துக்கு அடியில் மட்டும் இல்லை.

இது நம் தோட்டத்துச் சங்கதி மட்டும் என்று நினைக்காதீர்கள். 1993-லிருந்து 2010-க்குள் உலகம் உறிஞ்சிய நிலத்தடி நீர் சுமார் 2,15,000 கோடி டன் என்றும், அதனால் கடல்மட்டம் 6 மில்லிமீட்டர் உயர்ந்தது என்றும், பூமி சுழலும் துருவமே 80 சென்டிமீட்டர் போல நகர்ந்தது என்றும் 2023-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கும் நம் வடமேற்கு மாநிலங்களுக்கும் பெரிய பங்கு. இத்தனைக்குப் பிறகும் அந்தப் படத்தில் நாம் இல்லை என்றால் எப்படி?

அப்புறம், மழைநீர்த் தொட்டி. கட்டாயம் போடுங்கள். அதில் வடிகட்டப் போடும் சல்லியையும் மணலையும் வருஷத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் எடுத்துக் கழுவுங்கள். மாடித் தண்ணீரை வடிகட்டாமல் போர்க் குழாய்க்குள் நேரே விடாதீர்கள், அழுக்கும் கூடவே போய்விடும்.