மூச்சு முந்தி, தோள் பிந்தி

அன்புள்ள ஐயா,

நான் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வயது 51. பெயர் போட வேண்டாம். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருப்பது தெரிந்த பிறகு, 46 வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன். வாரம் மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் 1,200 மீட்டர் நீந்துவேன். இந்த வருடம் வலது தோளில் வலி வந்தது. டாக்டர் ஆறு வாரம் ஓய்வு என்றார். அது முடிந்ததும் போனேன். வலியே இல்லை. சந்தோஷத்தில் 40 சுற்று போட்டுவிட்டேன். மறுநாள் காலை தலைசீவக் கை எழவில்லை. இப்போது நாலு மாதம் ஆகிறது, குளத்துப் பக்கமே போகவில்லை. வீட்டுக்காரர் ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா’ என்கிறார். கூட நீந்துகிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடும் படங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பழையபடி நீந்த முடியுமா? நீந்தும்போது உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் என் ஹேண்ட் பேடலை ஒரு தோழி கேட்கிறார். கொடுத்துவிடவா?

*

அன்புள்ள டீச்சர்,

நாலு மாதம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நாலு மாதம் பெரிதாகத் தெரியவில்லை. கண்ணில் குத்தியது அந்த 40 சுற்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நம்மைப் போல வயதான பிறகு கற்றவர்களுக்கு ஒரு சுற்றுக்கு, அதாவது 25 மீட்டருக்கு, இருபத்திரண்டு கைவீச்சாவது ஆகும். அதில் பாதி வலக்கை. அப்படியானால் 40 சுற்றுக்கு வலக்கை 440 தடவை தலைக்கு மேலே போய் வந்திருக்கிறது. ஆறு வாரம் கரும்பலகையின் மேல்வரியைக்கூட எட்டி எழுதாத கை அது.

நானும் இதையேதான் செய்தேன். எனக்கு அப்போது 54. ஒன்பது வாரம் நீந்தாமல் இருந்துவிட்டுக் குளத்தில் இறங்கினேன். முதல் நான்கு சுற்றில் நாக்கு தள்ளியது. இரண்டாவது வாரம் மூச்சு பிடிபட்டது. மூன்றாவது வாரம் ‘பழைய ஆள் வந்தாச்சு’ என்று நானே சொல்லிக்கொண்டேன். நான்காவது வாரம் தோள் போய்விட்டது. அதோடு விட்டேனா? யாரோ சொன்னார்கள் என்று உருவிவிடுகிறவரிடம் போனேன். அவர் கையைப் பின்னால் மடக்கி ஒரு இழு இழுத்தார். அன்றிரவு உட்கார்ந்தே தூங்கினேன்.

தோள் போனதற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. 1984ல் எட்வர்ட் கோய்ல் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்தவர்களும் நன்றாகப் பயிற்சி எடுத்திருந்த ஏழு பேரை 84 நாள் பயிற்சியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் 21 நாளில் 7 விழுக்காடு இறங்கியது. போகப் போக 16 விழுக்காடு குறைந்து, அதோடு நின்றுவிட்டது. மூச்சும் ரத்தமும் சீக்கிரம் இறங்கும், திரும்பப் பழக்கினால் சில வாரங்களில் ஏறவும் ஏறும். தோளின் தசைநார் அந்த ஜாதி இல்லை. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் பலப்படுவதும் மாதக் கணக்கு. மூச்சு வந்துவிட்டதை வைத்துத் தோளும் வந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். தசைநார் அன்றைக்கே பதில் சொல்லவும் சொல்லாது. மறுநாள் காலை தலைசீவும்போதுதான் சொல்லும்.

என் அம்மாவுக்கு இது படிக்காமலே தெரியும். முப்பது வருடம் ரப்பர் மரம் சீவியவர். கத்தி பட்டையை ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் சீவ வேண்டும். ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை கட்டிகட்டியாக வளரும், பிறகு அங்கே கத்தி வைக்க முடியாது. காயம் பட்ட மரத்தைப் பார்த்தால் தண்டல் (மேற்பார்வையாளர்) ஏசுவார். ஒரு நாள் சீவினால் மறுநாள் மரத்துக்கு விடுப்பு. ஆசைப்பட்டு ஓயாமல் சீவிய மரத்தில் பால் வறண்டு போகும், அதைச் சும்மா விட்டுவைக்க வேண்டியதுதான். சீவிய பட்டை மறுபடி சீவுகிற அளவுக்குத் தடிக்க ஏழெட்டு வருடம் ஆகும். தோளுக்கு அவ்வளவு வேண்டாம், பயப்படாதீர்கள்.

குளத்துக்குக் கிளம்பும் முன் ஒன்று பார்க்க வேண்டும். உங்களுக்கு இனிப்புநீர் இருப்பதால்தான் கேட்கிறேன். கையைத் தளர்வாக விட்டு, வேறொருவரைத் தூக்கச் சொல்லுங்கள். அவர் தூக்கினால் கை மேலே போகிறதா? முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால் திரும்புகிறதா? நீங்களாகத் தூக்கும்போது வலித்து, பிறர் தூக்கும்போது கை மேலே போனால், பெரும்பாலும் தசைநார் கோளாறு. யார் தூக்கினாலும் கதவு பூட்டியது மாதிரி நின்றால் அது உறைந்த தோளாக இருக்கலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகம் வரும், நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில்தான் அதிகம். இறுகும், உறையும், பிறகு மெல்ல இளகும். ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். அதற்கு வைத்தியம் வேறு. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, இந்தியர்களிடம் இன்னும் அதிகம். ஆனாலும் தோள்வலி என்று போகிறவரிடம் யாரும் சர்க்கரையைப் பற்றிக் கேட்பதில்லை. நீங்களாகச் சொல்லுங்கள். இரவில் வலி எழுப்பினாலும் கை வலுவிழந்தாலும் முதலில் டாக்டர், பிறகுதான் குளம்.

பிறர் தூக்கினால் கை மேலே போகிறது என்றால், முதல் ஒரு மாதம் வேலை வீட்டில்தான். எனக்கு பிசியோவில் ஒரு மஞ்சள் ரப்பர் பட்டை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தபோது மாவு பூசிய அந்த வாசம் மூக்கில் ஏறியது. அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, “நல்ல பால்” என்றார். அதைக் கதவுப் பிடியில் கட்டி, சுருட்டிய துண்டை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, முன்கையை மெதுவாக வெளியே இழுக்க வேண்டும், பதினைந்து தடவை. துண்டு கீழே விழுந்தால் தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். குளத்தில் எதுவும் தராத பலத்தை எனக்கு அதுதான் தந்தது.

அப்புறம் குளம். முதல் நாள் எட்டுச் சுற்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கி. மறுநாள் விடுப்பு. அடுத்த நாள் காலையில் தோள் முன்போலவே இருந்தால் மறுபடி எட்டு. நன்றாக இருக்கிறது என்பதற்காக ஏற்றக் கூடாது, நன்றாக இருக்கும் நாளில்தான் கவனம் வேண்டும். வாரத்துக்கு இரண்டு சுற்று கூட்டினால் போதும். காலுக்கு வேலை கொடுக்கலாம் என்று கையில் பிடித்து மிதக்கும் கிக் போர்டைப் பிடித்துவிடாதீர்கள், கை நீண்டு தோள் நெரிபடும். மல்லாந்து, கையை உடம்போடு வைத்துக் காலை அடியுங்கள். ஃப்ரீஸ்டைலில் கட்டை விரல் முதலில் தண்ணீரில் இறங்குகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இறங்கினால் ஒவ்வொரு வீச்சிலும் தோள் உள்பக்கம் முறுக்கிக்கொள்ளும். உள்ளங்கை கீழ்நோக்கி, விரல் நுனிகள் சேர்ந்து இறங்கட்டும். எனக்கு வலி திரும்பத் திரும்ப வந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கட்டை விரல்தான்.

யாராவது உங்களுக்கு அமெரிக்க நீச்சல் வீராங்கனை டாரா டோரஸ் கதையைச் சொல்லி ஊக்கப்படுத்துவார்கள். 41 வயதில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மூன்று வெள்ளிப் பதக்கம், அதில் 50 மீட்டரில் தங்கம் போனது நொடியில் நூறில் ஒரு பங்கால். பெரிய சாதனைதான். ஆனால் அவருடைய உடம்பை நீவிவிடவும் இழுத்துவிடவுமே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். நமக்கு ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் நோட்டுகள் இருக்கின்றன.

வீட்டுக்காரர் கேட்டதற்கு உங்கள் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டுங்கள், போதும். வாட்ஸ்அப் குழுவைச் சத்தமில்லாமல் போட்டுவிடுங்கள், வெளியேற வேண்டாம். பழையபடி முடியுமா என்று கேட்டீர்கள். தூரம் திரும்ப வரும். எனக்கு வந்தது, ஏழு மாதம் ஆனது. வேகம் வரவில்லை, தேடவும் இல்லை.

ஹேண்ட் பேடலைத் தோழிக்குக் கொடுத்துவிடுங்கள். அது தண்ணீரின் எதிர்ப்பைக் கூட்டித் தோளில் ஏற்றுகிற சாமான், இன்னும் ஒரு வருடத்துக்கு உங்களுக்கு வேண்டாம். நீச்சல் கண்ணாடியைக் கொடுத்துவிடாதீர்கள். நாலு மாதம் பைக்குள் கிடந்ததில் வார் காய்ந்திருக்கும், கிளம்புவதற்கு முதல்நாள் இழுத்துப் பாருங்கள். குளத்தங்கரையில் அறுந்தால் அதையே சகுனம் என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள்.