போட்டித் தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து?

கேள்வி: துப்பாக்கி சுடும் போட்டிக்கு 9 மி.மீ. தோட்டாவை நானே நிரப்பப் போகிறேன். எந்த வெடிமருந்தை வாங்குவது?

பதில்: காம்பென்சேட்டர் (குழல் முனையில் வாயுவை மேலே திருப்பி உதைப்பைக் குறைக்கும் பாகம்) இல்லாத பிஸ்டலா? வேகமாக எரியும் மருந்தும் 147 கிரெயின் (சுமார் 9.5 கிராம்) குண்டும் சேர்ந்தால் உதைப்பு மென்மையாக இருக்கும். காம்பென்சேட்டர் இருந்தால் அதற்கு வாயு நிறைய வேண்டும், மெதுவாக எரிவதை எடுங்கள். ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடும் அமைப்பு) போட்டிகளில் மைனர் என்ற குறைந்த சக்திப் பிரிவுக்கு பவர் ஃபேக்டர் (கிரெயினில் குண்டின் எடையை விநாடிக்கு எத்தனை அடி வேகம் என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தது) 125 போதும். இந்தக் குண்டு விநாடிக்கு 880 அடி போனால் 129 வந்துவிடும்.

அப்புறம், நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று: தோட்டாவின் உறையைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான மருந்தாகப் பாருங்கள். அடர்த்தியானது அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், தவறி ஒரே உறையில் இரண்டு முறை விழுந்தாலும் கண்ணில் படாமல் போகலாம், சுடும்போது துப்பாக்கியே சிதறிவிடலாம். பருமனானது என்றால் விளிம்பைத் தாண்டி மேசையில் கொட்டும். அளவுக்கு மருந்து நிறுவனத்தின் கையேடு மட்டுமே, அதிலும் தொடக்க அளவிலிருந்து.