எர்த் மூட்டில் வெள்ளைத் தூள்: கொப்பர் வயரை ஜீஐ பைப்பில் பூட்டலாமா?

கேள்வி: முல்லைத்தீவுக் கடலோரம், அளம்பில் பக்கம் தோட்டத்தில் சோலார் பம்ப் ஓடுகிறது. டிரைவிலிருந்து (சோலார் மின்சாரத்தை மாற்றி மோட்டரை ஓட்டுகிற பெட்டி) மோட்டருக்குப் போகிற கேபிளின் சீல்டை, அதாவது கொப்பர் வலையை, நேரே ஜீஐ பைப்பில் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) பூட்டி எர்த் பண்ணியிருக்கிறோம். மாரி வந்தால் அந்த இடத்தில் வெள்ளைத் தூள், பிறகு கறள். சுரண்டிப் பூட்டினாலும் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தத் தூள் கொப்பருடையது இல்லை, பைப்பில் பூசியிருக்கிற நாகம், அதாவது சிங்க், கரைந்து வருவது. கடல்நீரில் இந்த இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 0.7 வோல்ற் வித்தியாசம் இருக்கும், நடுவில் உப்பு ஈரம் பட்டால் அது சும்மா ஒரு பற்றரிதான். முதலில் நாகம் போகும், அது முடிய அடியில் உள்ள இரும்பு. சுரண்டச் சுரண்ட மிச்சப் பூச்சையும் நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் டிரைவோடு சோலார் பக்க ஐசொலேட்டரையும் (இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) நிறுத்துங்கள், வெயில் இருக்கும்வரை பனலில் மின்சாரம் இருக்கும். டிரைவை நிறுத்தியதும் கை வைக்காமல் மனுவலில் சொன்ன நேரம் பொறுங்கள்.

பழைய நுனியை, உள்ளே கம்பி பளிச்சென்று தெரியும்வரை வெட்டி எறியுங்கள். பலர் விடுகிற இடம் இதுதான்: கொப்பர் வலை விளக்குத்திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சும், உறைக்குள் நெடுகக் கறுத்துப் போயிருக்கும். புது நுனிக்கு வெள்ளீயம் பூசிய லக் (போல்ட் போட ஓட்டை உள்ள உலோக நுனி) போட்டு அழுத்தி, பசை உள்ள ஹீட் சிரிங்க் குழாயால் (சூடாக்கினால் சுருங்கும்) மூடி, அந்த இணைப்பை மழை படாத பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அங்கிருந்து கொப்பர் வயரை நிலத்தில் அடித்த, கொப்பர் பூசிய எர்த் றொட்டுக்கு பித்தளைக் கிளாம்பால் பூட்டினால் நாகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

பைப்பில்தான் பூட்ட வேண்டும் என்றால், லக்குக்கும் பைப்புக்கும் நடுவில் ஸ்டெயின்லெஸ் வாசர், போல்ட்டும் அதே. ஸ்டெயின்லெஸ்ஸும் நாகமும் வேறு உலோகம்தானே என்பீர்கள், உண்மைதான், ஆனால் சின்ன ஸ்டெயின்லெஸ் துண்டு பெரிய பைப்பை அவ்வளவு வேகமாகத் தின்னாது. மறுவளமாக, பெரிய கொப்பர் தகட்டில் சின்ன ஜீஐ போல்ட் போட்டால் போல்ட் கெதியாய்ப் போய்விடும்.

தொடுகிற முகங்களில் பெயின்ற் இருக்கக்கூடாது. நாகப் பூச்சு போகாமல் மெல்ல மினுக்கி, கொஞ்சம் வாசலின் தடவி, இறுக்கி, அப்புறம் வெளியால் ரேப் சுற்றுங்கள். புளிப்பு மணம் அடிக்கிற சிலிக்கோனை மட்டும் அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள், அதிலிருந்து வரும் அசற்றிக் அமிலம் கொப்பரையே அரிக்கும்.