சீகூர் மேட்டில் நின்று மாயாற்றைப் பார்த்தால்

கேள்வி: 1:50,000 அளவிலான இந்திய நில அளவைத் துறை வரைபடத்தில் நீலகிரிக்கு வடக்கேயுள்ள சீகூர் பீடபூமியைப் பார்த்தேன். மேட்டில் விலகி விலகிச் செல்லும் பழுப்புக் கோடுகள் மாயாற்றின் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இவ்வளவு பக்கத்தில் ஆறு ஓடியும் மேட்டு நிலம் முட்புதராகவே கிடப்பது ஏன்?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: விடை அந்தப் பழுப்புக் கோடுகளிலேயே இருக்கிறது. ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக்கோடுகள் அவை. இவ்வரைபடத்தில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே உயர வேறுபாடு 20 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். ஆகவே அரை சென்டிமீட்டருக்குள் பத்து இடைவெளிகளை எண்ணினீர்கள் என்றால், 250 மீட்டர் தொலைவுக்குள் நிலம் 200 மீட்டர் சரிகிறது என்று பொருள். ஆறு பக்கத்தில் இருப்பதாகத் தாளில் தெரிவது கிடைத்தொலைவு மட்டுமே. பள்ளத்தின் அடியில் ஓடும் நீர் தானாக மேடேறி வயலுக்கு வராது.

மழையும் அந்த மேட்டுக்குக் குறைவுதான். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவை உள்ளடக்கிய நீலகிரி மலைத்தொகுதி தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து ஈரத்தைத் தன் சரிவுகளிலேயே வாங்கிக்கொள்வதால், அதன் மறைவில் அமைந்த சீகூருக்கு மிச்சமே கிடைக்கிறது. இதையும் வரைபடம் சொல்கிறது: ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் ஓடைகளைக் கறுப்பிலும் நீர் நிற்பவற்றை நீலத்திலும் வரைவது அத்துறையின் வழக்கம். மேட்டிலுள்ள ஓடைகளில் எத்தனை கறுப்பு என்று பாருங்கள்; கோடுகளைவிட அந்த நிறமே எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலைநாட்டு ஆறுகள் வளைந்து நெளிவதே இயல்பு. மாயாறோ கிழக்கு நோக்கி நெடுந்தூரம் நேராகச் செல்கிறது. பூமியின் ஆழத்தில் பாறைகள் நசுங்கி நகர்ந்த பழைமையான பிளவு மண்டலத்தின் வழியே, நொறுங்கிய பாறையை அரித்து அது தன் பள்ளத்தை வெட்டிக்கொண்டதே காரணம்.

இனி, உங்கள் ஊர்ப்பக்கமாகக் கிழக்கே பவானிசாகர் நீர்த்தேக்கத்தை நோக்கி விரலை நகர்த்துங்கள். கோடுகள் ஆற்றை விட்டு விலகிப் பள்ளத்தாக்கு அகலும் இடத்தில் தெங்குமரஹாடா என்ற சிற்றூர் வரும். சாகுபடி நிலத்துக்குரிய மஞ்சள் நிறம் அங்கே ஆற்றோரத்திலேயே தென்படும்.