அருவியும் கோடுகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பழைய சேகா மெகா டிரைவ் வீடியோ கேம் கருவியைப் பரணிலிருந்து இறக்கி, புதிய 4கே தொலைக்காட்சியில் மஞ்சள் வயரால் இணைத்தேன். எல்லாம் கலங்கித் தெரிகிறது. திரை முழுக்க இழுத்துவைத்தும் பயனில்லை. பொத்தானை அழுத்தினால் தாமதமாகத்தான் குதிக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் கத்தி போல் துல்லியமாகத் தெரிய, பழைய சிக்னலைப் புதிய திரைக்கேற்பப் பெரிதாக்கும் அப்ஸ்கேலர் எதை வாங்கலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

தாமதத்துக்குத் தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ போடுங்கள், பெருமளவு குறையும். திரை முழுக்க இழுத்துவைத்ததற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். 4:3 அளவுக்கு வரைந்த சோனிக் முள்ளெலியைப் பூசணிக்காயாக்கிவிட்டுப் படம் சரியில்லை என்றால் எப்படி?

மஞ்சள் வயரில் ஒளியும் நிறமும் ஒரே சிக்னலாகக் கலந்து வருகின்றன. அது போதாதென்று, மெகா டிரைவின் 240பி சிக்னலை, அதாவது 240 கோடுகளில் முழுப் படத்தை, பல புதிய தொலைக்காட்சிகள் 480 கோடுகளைப் பாதி பாதியாக அனுப்பும் 480ஐ என்று எடுத்துக்கொண்டு, இல்லாத பாதிக் கோடுகளை இட்டுக்கட்டுகின்றன. அதே ஏவி துளையில், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபியும் வருகிறது. அதற்கான கேபிளும் ஓர் அப்ஸ்கேலரும் இருந்தால் கலங்கல் தீர்ந்தது.

ஆனால் ‘கத்தி போல்’ என்று எழுதினீர்களே, அதில்தான் எனக்கு உங்களோடு வழக்கு. 1991இல் வந்த ‘சோனிக்’ விளையாட்டின் முதல் கட்டத்து அருவி நினைவிருக்கிறதா? அண்ணனுக்கு ஓட்டம்தான் குறி. என் முறை வந்தால் நான் அருவியருகே நின்றுவிடுவேன். மேலே கடிகாரம் ஓடும், அண்ணன் கத்துவான், எனக்குக் காதில் விழாது. நீரினூடே பின்னாலிருப்பது தெரிந்தது எனக்குப் பெரிய அதிசயம்.

அங்கே நீரே கிடையாது, எம். இரு நிறங்களைக் கலந்து ஊடுருவிக் காட்டும் திறன் மெகா டிரைவுக்கு இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகளை வரைந்து இடையில் வெளி விட்டார்கள். அவற்றைக் கரைத்து நீராக்கியது நீங்கள் சபிக்கும் அதே மஞ்சள் வயர். ஆர்ஜிபியில் பாருங்கள், அருவி இருந்த இடத்தில் ஜன்னல் கம்பிகள் நிற்கும். படத்தின் பாதி வேலையை வயரும் பழைய தொலைக்காட்சியின் குழாய்த் திரையும் செய்யும் என்று நம்பித்தான் வரைந்தார்கள். அந்தப் பாதியை அழித்துவிட்டு அதற்குத் துல்லியம் என்று பெயர் வைக்கிறோம். புள்ளிகளை எண்ணவா விளையாடுகிறீர்கள்?

எதை வாங்குவது என்றல்லவா கேட்டீர்கள்? ஓஎஸ்எஸ்சி என்ற அப்ஸ்கேலர் மஞ்சள் வயரை ஏற்காது. ரெட்ரோடிங்க் 5எக்ஸ் என்ற அப்ஸ்கேலர் மஞ்சள் வயர், ஆர்ஜிபி இரண்டையும் ஏற்கும். அதை வாங்குங்கள், பழைய திரையின் கிடைக்கோடுகளைப் போலக் காட்டும் ஸ்கேன்லைன் வசதியையும் போட்டுப் பாருங்கள். மஞ்சள் வயரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.