சென்சார் எதைத் தொடுகிறது? (கேள்வி பதில்)

நொதி பூசிய மின்முனைகளோடு பன்னிரண்டு வருட வேலை. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், கையில் ஒட்டும் சென்சார், கொஞ்சம் மைக்ரோ ரோபோ பற்றிக் கேளுங்கள். இன்சுலின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ராஜி: சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் 184. கையில் ஒட்டிய சென்சார் 151 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம் ராஜி, இரண்டும் தொடுவது வேறு வேறு திரவம். ஸ்ட்ரிப் தொடுவது ரத்தம். சென்சாரின் மெல்லிய இழை தொடுவது, தோலுக்கடியில் செல்களைச் சுற்றி ஊறியிருக்கும் நீர். ரத்தத்திலிருக்கும் சர்க்கரை கசிந்து அங்கே வந்து சேர்ந்து எண்ணாகத் தெரிய 5 முதல் 15 நிமிடம் ஆகும். சாப்பிட்டதும் சர்க்கரை ஏறும்போது சென்சார் பின்தங்கும். வேகமாக நடந்தபின் இறங்கும்போதும் அப்படித்தான். அதனால் கை நடுங்கி வியர்த்தால், சென்சார் 90 காட்டினாலும் விரலில் குத்திப் பாருங்கள். அந்தக் கையை அழுத்திப் படுத்துத் தூங்கினால் நடுராத்திரியில் பொய்யாக ‘லோ’ அலாரம் அடிக்கும், அதுவும் தெரிந்திருக்கட்டும்.

உள்ளே நடக்கும் வேதியியல் ஒரே வகைதான். 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் ஆக்ஸிஜன் மின்முனை மேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதியை வைக்கலாம் என்றார்கள். அந்த நொதி குளுக்கோஸைத் தேடிப் பிடிக்கும். இன்றைய ஸ்ட்ரிப்பில் அப்போது கிளம்பும் எலக்ட்ரான்கள் சின்ன மின்னோட்டமாகின்றன, கருவி அதை எண்ணாக்குகிறது. வீட்டு மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை ஏற்கிறது. 184-க்கு 15 சதவீதம் என்றால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். குத்துவதற்கு முன் கையைக் கழுவினீர்களா?

பாலா: குத்தாமலே சுகர் காட்டும் வாட்ச் விற்கிறார்களே, அப்பாவுக்கு வாங்கலாமா?

வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. வெளிச்சத்தை வைத்து அளக்க முயலும்போது, குளுக்கோஸ் தரும் துளி சிக்னலை நீரும் கொழுப்பும் வியர்வையும் மூடிவிடுகின்றன. அந்த எண்ணை நம்பி உங்கள் அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

குமரன்: மீன் எதிர்நீச்சல் போடுகிறது. மைக்ரோ ரோபோவுக்கும் ஒரு வால் வைத்து ரத்தத்தில் விட்டால் என்ன?

மீன் வாலை நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் வழுக்கிப் போகும். பாக்டீரியா அளவுக்குச் சுருங்கினால் தண்ணீரே தேன்போலப் பிடித்துக்கொள்ளும். நீச்சலை நிறுத்தினால் ஓர் அணுவின் அகலம்கூட நகராது. அங்கே ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஆடும் வால், போன தூரத்தை அப்படியே திரும்பி வந்துவிடும். இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-இல் இதை விளக்கினார். அதனால்தான் திருகாணி வடிவம். 2009-இல் அம்பரீஷ் கோஷும் (இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார்) பீர் ஃபிஷரும் நுண்ணிய கண்ணாடித் திருகாணிகளைச் சுழலும் காந்தப்புலத்தால் ஓட்டிக் காட்டினார்கள். அழகான வேலை. ஆனால் இந்தத் திருகாணிகளின் வேகம் நொடிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர். ஆக நுண்ணிய ரத்தக் குழாயிலேயே ரத்தம் அதைவிடப் பத்து மடங்கு வேகமாக ஓடுகிறது.

வினோத்: நீங்கள் சொல்வது பழைய கதை. ஜூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகக் குழு 2025-இல் மைக்ரோ ரோபோவை ரத்த ஓட்டத்துக்கு எதிராகவே ஓட்டிவிட்டது.

ஓட்டியது உண்மை வினோத், எனக்கும் அது பெரிய மகிழ்ச்சி. ஆனால் அது கதீட்டர் (ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாக இறக்கிவிட்ட, கண்ணால் பார்க்கக்கூடிய ஜெல் உருண்டை. உள்ளே இரும்பு ஆக்ஸைடு துகள்கள், வெளியே காந்தம் இழுக்கிறது. காந்தம் இழுக்கும் விசை உருண்டையின் கன அளவைப் பொறுத்தது, திரவத்தின் தடையோ ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒன்றானால் இழுவிசை ஆயிரத்தில் ஒன்றாகும், தடை பத்தில் ஒன்றுதான் ஆகும். வேகம் நூறில் ஒன்றாகச் சரியும். பெரிய உருண்டையால் முடிந்ததைக் குமரனின் குட்டி ரோபோவிடம் எதிர்பார்க்க முடியாது.

குமரன்: அப்படியென்றால் சின்னது எதற்கு?

ஓட்டமே இல்லாத இடத்துக்கு. கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனக் குழு பன்றியின் கண்ணில் நுண் திருகாணிகளைச் செலுத்தி விழித்திரைவரை கொண்டுபோனது. கூழின் இழைகளில் ஒட்டாமலிருக்க, பூச்சி பிடிக்கும் குடுவைத் தாவரத்தைப் பார்த்து வழுக்கும் பூச்சு பூசினார்கள். அந்தப் பூச்சுதான் என்னை வியக்க வைத்தது. மோட்டாரை எல்லோரும் பேசுகிறார்கள், எதைத் தொடுகிறது என்பதைக் கேட்பவர் குறைவு.

வினோத்: நூறில் ஒன்று என்பது நிலையான திரவத்துக்கு. குழாய்ச் சுவரையொட்டி ஓட்டம் மெதுவாகத்தானே இருக்கும்?

ஆமாம், அது நல்ல கேள்வி. ஜூரிச் குழு சுவரோரமாக உருட்டியும் காட்டியது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, கணக்கை அதற்கேற்ப மாற்றிப் போட வேண்டும்.

செல்வி: கொரோனா ஊசியில் நானோ ரோபோ இருந்ததாமே?

இல்லை. எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளில் இருந்தது ஏறக்குறைய 100 நானோமீட்டர் கொழுப்பு உருண்டை. தானாக நகராது.

பெயரில்லை: சுகர் பார்க்கும் மோதிரம் நல்லதா?

பாலாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தமிழ்மணி: வாட்ச் பற்றி…

தயவுசெய்து மேலே படியுங்கள். மூன்றாவது முறை.

ஜெயந்தி: அம்மாவுக்கு இப்போது 268! காலையில் 120தான் இருந்தது. மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை.

விரலில் மாம்பழச் சாறு இருக்கிறது. ஸ்ட்ரிப் அதையும் சேர்த்துத் தொட்டிருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தச் சொல்லுங்கள். அப்போதும் 250-க்கு மேல் இருந்தால் டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். எவ்வளவு வருகிறது என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

ஜெயந்தி: 131.