ஊசி ஏன் தள்ளி விழுகிறது?

கேள்வி: சர்க்யூட் போர்டின் பேடுகளை (சின்ன உலோகத் தொடுபுள்ளிகளை) நகரும் ஊசியால் தொட்டுச் சோதிக்கும் ஃப்ளையிங் புரோப் மெஷின் ஒன்றைச் சொந்தமாகச் செய்துகொண்டிருக்கிறேன். படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார், பெல்ட். மெதுவாக ஓட்டினால் ஊசி பேடின் நடுவில் தொடுகிறது, வேகம் கூட்டினால் தள்ளி விழுகிறது. பெல்ட் இல்லாமல் நேர்கோட்டில் நேரடியாகத் தள்ளும் லீனியர் மோட்டாருக்கு மாறிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். நகர்ந்து முடிந்ததும் 200 மில்லி செகண்ட் சும்மா நிற்க வைத்து, அப்புறம் ஊசியை இறக்கிப் பாருங்கள். சரியாகத் தொட்டால் மோட்டார் மேல் தப்பில்லை, நின்ற பிறகும் வண்டி (ஊசியைத் தாங்கி ரெயிலில் ஓடும் பகுதி) ஆடிக்கொண்டிருக்கிறது, அந்த ஆட்டத்திலேயே ஊசி இறங்கிவிடுகிறது. காத்திருந்தும் தள்ளியே விழுந்தால் தொடக்க இடத்தைக் காட்டும் ஹோம் சென்சாருக்குத் திருப்பி அனுப்புங்கள். அங்கேயும் இடம் மாறியிருந்தால் மோட்டார் ஸ்டெப் தவறுகிறது, முடுக்கத்தைக் குறைக்கத்தான் வேண்டும்.

எனக்கு ஆட்டம் என்றுதான் படுகிறது. ஒரு கணக்கு போடுவோம். 50 மி.மீ. தூரத்தை 10 மீ/வி² முடுக்கத்தில் பாதிவரை வேகமெடுத்து மீதியில் வேகம் குறைத்துக் கடந்தால் சுமார் 140 மில்லி செகண்ட். முடுக்கத்தை இரண்டு மடங்காக்கினாலும் 100 ஆகிறது, மிச்சம் வெறும் 40. ஆனால் மெஷினின் சட்டம் இன்னும் பலமாக உதறும், அது அடங்கும்வரை காத்திருப்பதில் அந்த 40-ம் போய்விடும். லீனியர் மோட்டார் போட்டாலும் இதே கதைதான். அதற்குப் பதில் முடுக்கத்தைச் சட்டென்று கொடுக்காமல் எஸ் வளைவாக ஏற்றி இறக்குங்கள், வண்டியின் எடையைக் குறையுங்கள்.

ஊசி ரெயிலுக்கு எவ்வளவு கீழே தொங்குகிறது என்றும் அளந்து பாருங்கள் (இதை யாருமே பார்ப்பதில்லை). 60 மி.மீ. தொங்கினால், வண்டி ஒரு மில்லிரேடியன் சாய்ந்தாலே நுனி 60 மைக்ரான் விலகிவிடும்.

கேள்வி: என் மெஷினில் பெல்ட்டுக்குப் பதில் ஸ்க்ரூ இருக்கிறது. இடப்பக்கமிருந்து வந்தால் ஓரிடம், வலப்பக்கமிருந்து வந்தால் வேறிடம். ஏன்?

பதில்: நட்டில் லூஸ். முன்னழுத்தம் உள்ள (லூஸ் இல்லாதபடி உள்ளே குண்டுகளை அழுத்தி வைத்த) பால் ஸ்க்ரூ நட்டு போடுவதுதான் சரியான வழி. அதுவரை எந்தப் பேடுக்கும் ஒரே பக்கத்திலிருந்தே வருமாறு புரோகிராம் எழுதுங்கள்: எதிர்ப்பக்கமிருந்து வர நேர்ந்தால் அரை மி.மீ. தாண்டிப் போய்த் திரும்பி வரட்டும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை. ஆனால் போர்டின் மூலைக் குறிகளைக் கேமராவில் பார்த்து இடத்தைத் திருத்துகிறீர்கள் என்றால், அந்தக் குறிகளுக்கும் அதே பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.